பேணிக் காத்த பழம்பொறிகள்

பழம்பொருள்களைத் தேடித் திரட்டும் விருப்பம் மாந்தர்க்கு இயல்பாக அமைந்த ஒன்று. ஒருவர் பழங்காசுகளைத் திரட்டுகிறார். மற்றொருவர் அஞ்சல் தலைகளைச் சேர்க்கிறார். வேறொருவர் பழைய கடிகாரங்களை வாங்கி வீடு நிறைய வைத்து, அவை மணியடிக்கக் கேட்டு மகிழ்கிறார். இவ்வரிசையில் அண்மைக் காலத்தில் இடம் பெற்றவை பழைய வீடியோ விளையாட்டுக் கருவிகளும் பழைய கணிப்பொறிகளும் ஆகும். ஒரு காலத்தில் சிறுவர்களின் பொழுதுபோக்காக மட்டும் கருதப்பட்டவை இன்று அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பேழைகளுள் இடம் பெற்றிருக்கின்றன.

இவற்றைத் திரட்டுவோரை அணுகி, "உம்மிடம் உள்ளவற்றுள் உயர்ந்தது எது?" என்று வினவினால், ஒருவர் விலை மிகுந்ததை எடுத்துக் காட்டுவார், ஒருவர் கிடைத்தற்கு அரியதைக் காட்டுவார், ஒருவர் மிகப் பழையதைக் காட்டுவார். விலையும் அருமையும் பழமையும் மட்டுமே ஒரு பொருளுக்கு உயர்வு தருவனவா? அவற்றினும் மேலானது ஒன்று உண்டா? சில பொருள்களின் வரலாற்றை நோக்கினால் இவ்வினாவிற்கு விடை கிடைக்கும்.

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில் புரூக்கேவன் தேசிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியல் அறிஞர், ஆய்வுக்கூடத்தைக் காண வரும் பொதுமக்கள் சோர்வின்றிப் பொழுது போக்குவதற்கு வழி ஒன்று தேடினார். 1958-ஆம் ஆண்டில், ஒரு சிறு கணிப்பொறியோடு, மின்னலைகளைக் காட்டும் ஆசிலாஸ்கோப் என்னும் கருவியை இணைத்தார். அதன் சிறிய வட்டத் திரையில் ஓர் ஒளிப்புள்ளி பந்தாகி, வலையைத் தாண்டி இங்கும் அங்கும் பாய்ந்தது. இருவர் எதிரெதிராக நின்று டென்னிஸ் ஆடினர். அதனை ஆடிப் பார்க்க மக்கள் நீண்ட வரிசையில் காத்து நின்றனர். அடுத்த ஆண்டும் அது காட்டப்பட்டது. பின்னர் அதன் உறுப்புகள் வேறு பணிகளுக்குத் தேவைப்பட்டன, கருவி பிரிக்கப்பட்டது. நாளை உலகம் இதனைத் தேடும் என்று அன்று எவரும் எண்ணினாரில்லை. 1997-ஆம் ஆண்டில் அவ்வாய்வுக்கூடம் தன் பொன்விழாவைக் கொண்டாடியபோது, பழைய வரைபடங்களைத் தேடியெடுத்து அவ்விளையாட்டை மீண்டும் அமைத்தனர். விளையாட்டு மீண்டது, ஆனால் ஹிகின்பாதத்தின் காலத்தில் ஆடப்பட்ட முதற்கருவி மீளவில்லை. அதனைச் செய்த அவரும் 1994-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார்.

இழந்த பொருளின் கதை இது. இழக்காமல் காத்த பொருளின் கதையும் ஒன்று உண்டு. ரால்ஃப் பேர் என்பவர் 1922-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிறந்தவர். யூதர்களுக்கு அந்நாட்டில் கொடுமை மிகுந்தமையால், 1938-ஆம் ஆண்டில் அவருடைய குடும்பம் அமெரிக்காவிற்குத் தப்பி வந்தது. அங்கே வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்து வாழ்வைத் தொடங்கிய அவர், பின்னர்ப் பொறியாளராக உயர்ந்தார். 1966-ஆம் ஆண்டில் ஒரு நாள், நியூயார்க் நகரத்துப் பேருந்து நிலையத்தில் காத்திருந்த வேளையில், அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் தோன்றியது. வீடுதோறும் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறதே. அதனைப் பார்ப்பதோடு நில்லாமல், அதில் விளையாடவும் கூடாதா என்பதே அவ்வெண்ணம். அதனை உடனே குறித்து வைத்தார்; மறுநாள் நான்கு பக்கங்களில் விரித்து எழுதினார். தோழர்கள் இருவரின் துணையோடு ஒன்றன்பின் ஒன்றாகப் பல மாதிரிக் கருவிகளைச் செய்தார். அவற்றுள் இறுதியாக அமைந்தது, மரம் போலத் தோன்றும் பழுப்பு நிறத் தாள் ஒட்டப்பட்டிருந்தமையால் 'பழுப்புப் பெட்டி' என்று பெயர் பெற்றது.

அப்பெட்டியின் வழியாகவே 1972-ஆம் ஆண்டில் 'ஒடிசி' என்னும் கருவி விற்பனைக்கு வந்தது. வீட்டில் வைத்து ஆடும் வீடியோ விளையாட்டுக் கருவிகளுள் முதலாவது இதுவே. இன்றைய சிறுவர் அதனைக் கண்டால் நகைக்கவும் கூடும். அதற்கு ஒலி இல்லை, வண்ணம் இல்லை, புள்ளிக் கணக்கை வைத்திருக்கவும் அது அறியாது. ஆடுவோரே தாளில் கணக்கு எழுதிக்கொள்ள வேண்டும். ஆடுகளத்தைக் காட்ட, வண்ணம் தீட்டிய பிளாஸ்டிக் படலம் ஒன்றைத் தொலைக்காட்சித் திரையின்மேல் ஒட்டினர். பகடைக் காய்களும், சீட்டுகளும், விளையாட்டுப் பணத்தாள்களும் பெட்டியோடு வந்தன. திரட்டுவோர் இன்று ஓர் ஒடிசியை வாங்கும்போது, அப்படலங்களும் பகடைகளும் குறைவின்றி உள்ளனவா என்றே முதலில் நோக்குகின்றனர். அவை இல்லையேல் கருவி இருந்தும் விளையாட்டு நிறைவு பெறாது.

பேர் தம் குறிப்புகளையும் மாதிரிக் கருவிகளையும் எறிந்துவிடவில்லை. அவற்றை வாழ்நாள் முழுவதும் காத்து, 2006-ஆம் ஆண்டில் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வழங்கினார். 2014-ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின், அவர் வேலை செய்த அறையிலிருந்த பொருள்களும் அந்நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்திலே அறை போலவே அடுக்கப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஏறத்தாழப் பத்து ஆண்டு இடைவெளியில் செய்யப்பட்ட இரு கருவிகளுள், ஒன்று அழிந்தது, ஒன்று நின்றது. இவ்வேறுபாட்டை உண்டாக்கியது விலையும் அன்று, அழகும் அன்று. ஒருவர் கொண்ட அக்கறையே ஆகும்.

இனி, விலையைப் பற்றி எண்ணுவோம் எனின், 'ஆப்பிள்-1' என்னும் கணிப்பொறியின் கதையை நோக்குதல் வேண்டும். 1976-ஆம் ஆண்டில் ஸ்டீவ் வாஸ்னியாக் என்னும் இளைஞர் அதனை வடிவமைத்தார். அவருடைய நண்பர் ஸ்டீவ் ஜாப்ஸ் அதனை விற்க முயன்றார். அது ஒரு பச்சை நிறச் சுற்றுப்பலகை மட்டுமே. மேலே மூடும் பெட்டியையும், விசைப்பலகையையும், திரையையும் வாங்குவோரே தேடிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 200 பலகைகளே செய்யப்பட்டன. ஒன்றின் விலை 666 டாலர் 66 சென்ட். அவற்றுள் ஒன்றை 2014-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் ஏலத்தில் 9,05,000 டாலர் கொடுத்து வாங்கியது.

ஆயினும், அதன் மதிப்பை எல்லாரும் அறிந்திருக்கவில்லை. 2015-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஒரு பெண்மணி, கணவர் மறைந்த பின் வீட்டைத் துப்புரவு செய்து, பழைய மின்பொருள்கள் நிறைந்த பெட்டிகளைக் கழிபொருள் வாங்கும் நிறுவனம் ஒன்றில் விட்டுச் சென்றார். தம் பெயரைச் சொல்லவில்லை, சீட்டும் வேண்டவில்லை. சில வாரம் கழித்துப் பெட்டிகளைத் திறந்தவர்கள், உள்ளே ஓர் ஆப்பிள்-1 இருக்கக் கண்டு திகைத்தனர். அது 2,00,000 டாலருக்கு விற்றது. அந்நிறுவனத்தார் அத்தொகை முழுவதும் தமக்கே உரியது என்று இருந்துவிடவில்லை. பாதித் தொகையை அப்பெண்மணிக்குக் கொடுக்க வேண்டும் என்று செய்தித்தாள்களின் வழியாக அவரைத் தேடினர். கழிபொருள் என்று கொடுத்தவரைத் தேடிச் செல்வத்தைப் பகிர்ந்தளிக்க முன்வந்த நேர்மை, அப்பலகையினும் அருமையானது அன்றோ?

உயர்ந்த பொருள் குப்பையை அடைந்தது ஒரு புறம். குப்பையே உயர்ந்த பொருளானது மற்றொரு புறம். 1982-ஆம் ஆண்டில் 'ஈ.டி.' என்னும் திரைப்படம் புகழ் பெற்றது. அதனை ஒட்டி அடாரி நிறுவனம் ஒரு விளையாட்டை வெளியிட விரும்பியது. விழாக்கால விற்பனைக்கு நாள் நெருங்கியமையால், ஹோவர்டு ஸ்காட் வார்ஷா என்பவர் ஐந்தே வாரங்களில் அதனை எழுதி முடித்தார். விளையாட்டு மக்களுக்குப் பிடிக்கவில்லை. விளையாட்டு பதிந்த சிறு பெட்டிகளாகிய கார்ட்ரிட்ஜுகள் விற்காமல் குவிந்தன. 1983-ஆம் ஆண்டில், நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோ நகரின் குப்பைக் குழியில், வேறு பல விளையாட்டுகளோடு அவையும் புதைக்கப்பட்டன. அது வெறும் கட்டுக்கதை என்றே பலரும் நெடுங்காலம் எண்ணினர். 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் குழியைத் தோண்டியபோது, கசங்கிய அட்டைகளோடும் மண்ணின் நாற்றத்தோடும் அவை வெளிவந்தன. எடுக்கப்பட்டவை ஏறத்தாழ 1,300. அவற்றுள் பல ஏலத்தில் விற்று, ஒரு லட்சம் டாலருக்கு மேல் தந்தன. ஒன்று ஸ்மித்சோனியனையும் அடைந்தது. வெற்றியைப் போலவே தோல்வியும் வரலாற்றுக்குச் சான்று ஆகும் என்பதை அம்மண் படிந்த பெட்டி உணர்த்துகிறது.

விலை எவ்வளவு ஏறக்கூடும் என்பதைக் காட்டும் பொருள் வேறொன்று. 1996-ஆம் ஆண்டில் வெளிவந்த 'சூப்பர் மரியோ 64' என்னும் விளையாட்டின், முத்திரை பிரிக்கப்படாத பெட்டி ஒன்று, 2021-ஆம் ஆண்டில் 15,60,000 டாலருக்கு ஏலம் போனது. அதன் பெருமையெல்லாம் அது பிரிக்கப்படவில்லை என்பதே. பிரித்தால் விலை வீழ்ந்துவிடும். ஆதலின் அதனை எவரும் ஆடப் போவதில்லை. மீட்டப்படாத வீணையைப் பட்டுத் துணியில் பொதிந்து வைத்திருப்பது போன்றது இது. அவ்வீணைக்கு விலை உண்டு, இசை இல்லை.

இனி, பொருள்களை ஆடும் நிலையிலே வைத்துக் காப்போரின் உழைப்பை நோக்குவோம். ஏட்டுச் சுவடிக்குச் செல் பகையாவது போல, இக்கருவிகளுக்கும் பகைகள் பல உள்ளன. சுற்றுப்பலகைகளில் உள்ள மின்தேக்கிகள் நாளடைவில் கசிகின்றன. சில கணிப்பொறிகளுள் கடிகாரத்துக்காக வைக்கப்பட்ட மின்கலம் நீர் கக்கி, மயிரிழை போன்ற செம்புத் தடங்களை அரித்துவிடுகிறது. வெண்மையாக இருந்த பிளாஸ்டிக் உறைகள் வெயிலாலும் வெப்பத்தாலும் மஞ்சளாகின்றன. காப்போர் மின்கலத்தை அகற்றுகின்றனர். மின்தேக்கிகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்து மாற்றுகின்றனர். அறுந்த தடங்களை மெல்லிய கம்பியால் இணைக்கின்றனர்.

1987-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' என்னும் விளையாட்டின் கார்ட்ரிட்ஜுக்குள் காசு போன்ற சிறு மின்கலம் ஒன்று உண்டு. ஆடியவர் எதுவரை சென்றார் என்பதை நினைவில் வைத்திருப்பது அம்மின்கலத்தின் பணி. அது பல ஆண்டுகள் உழைத்து ஒரு நாள் ஓய்ந்துவிடும். அன்று, எப்போதோ ஒரு சிறுவன் தன் பெயரைப் பொறித்து, பல மாலைப் பொழுதுகளைச் செலவிட்டுப் பெற்ற முன்னேற்றமெல்லாம் அழிந்து போகும். புதிய மின்கலத்தைப் பொருத்தலாம். விளையாட்டும் முன்போல் நடக்கும். ஆனால் அச்சிறுவனின் பெயர் திரும்பி வாராது. ஆதலால், மின்கலம் ஓய்வதற்கு முன்பே அந்நினைவைப் படியெடுத்து வைப்போரும் உளர்.

ஒரு பொருளைக் காப்பதற்கு அதனோடு இணைந்த பொருளையும் காக்க வேண்டியிருக்கிறது. அக்காலத்தில் திரையில் பறக்கும் வாத்துகளைச் சுடுவதற்கு ஒளித்துப்பாக்கி ஒன்று இருந்தது. படக்குழாய்த் தொலைக்காட்சியில், விசையை அழுத்திய நொடியிலேயே தோன்றும் ஒளியை அத்துப்பாக்கி உணரும். இன்றைய தட்டைத் திரையில் படம் சற்றே தாமதித்துத் தோன்றுவதால், துப்பாக்கி குருடாகிவிடுகிறது. ஆதலின், எவரும் விரும்பாது தெருவில் வைக்கும் கனத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியை, அன்பர் ஒருவர் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டு செல்லும் காட்சியும் காணத்தக்கதாயிற்று.

கூடி உழைத்தால் பெரும் பொறிகளையும் உயிர்ப்பிக்கலாம். இங்கிலாந்தில் ஹார்வெல் என்னும் இடத்தில் 1951-ஆம் ஆண்டு முதல் பணிசெய்த கணிப்பொறி ஒன்று, 1957-இல் உல்வர்ஹாம்ப்டன் நகரக் கல்லூரிக்குப் பரிசாக வழங்கப்பட்டு, 1973 வரை மாணவர்க்குக் கணிப்பொறிக் கலையைக் கற்பித்தது. பின்னர் அது உறுப்பு உறுப்பாகப் பிரிக்கப்பட்டுக் கிடங்கில் கிடந்தது. கிடங்கின் நிழற்படம் ஒன்றில் அதன் பலகையை அடையாளம் கண்ட ஆர்வலர்கள், 2009-ஆம் ஆண்டு முதல் அதனைச் செப்பனிட்டனர். 2012-ஆம் ஆண்டில் அதன் நூற்றுக்கணக்கான குழல்கள் மீண்டும் செவ்வொளி வீசின. அன்று அதனைச் சூழ்ந்து நின்றவர்களுள், அதனை முன்னாளில் இயக்கியவர்களும் இருந்தனர்.

கலிபோர்னியாவில் உள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்திலும் இத்தகைய காட்சி ஒன்று உண்டு. 1962-ஆம் ஆண்டில் ஸ்டீவ் ரஸ்ஸல் என்னும் இளைஞரும் அவருடைய தோழர்களும் 'பி.டி.பி.-1' என்னும் கணிப்பொறிக்காக 'ஸ்பேஸ்வார்' என்னும் விண்வெளிப் போர் விளையாட்டை எழுதினர். அவ்வகைக் கணிப்பொறிகள் ஏறத்தாழ ஐம்பதே செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்றை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தொண்டர்கள் சில ஆண்டுகள் உழைத்துச் செப்பனிட்டனர். பொறி இயங்கியது, வட்டத் திரையில் இரு சிறு விண்கலங்கள் மீண்டும் ஒன்றையொன்று துரத்தின. இளமையில் அதனைப் படைத்த ரஸ்ஸலே, முதுமையில் பார்வையாளர் முன் நின்று அவ்விளையாட்டை விளக்கிக் காட்டினார். நரைத்த தலையர் ஒருவர் விளக்க, அவர் பேரப் பிள்ளைகளை ஒத்த வயதினர் அதனை ஆடி மகிழ்வது எத்துணை இனிய காட்சி!

முன்னர் எழுந்த வினாவிற்கு இப்பொழுது விடை கூறலாம். பழமை காலத்தால் தானே வருவது. அருமை, பிறர் எறிந்துவிடுவதால் வருவது. விலை, வாங்குவோரின் விருப்பத்தால் ஏறுவது; இறங்குவதும் உண்டு. இம்மூன்றிலும் காப்போரின் பங்கு சிறிதே. ஆனால் ஒரு பொருளின் பின்னே நிற்கும் அறிவையும் உழைப்பையும் உணர்ந்து, அதனை அடுத்த தலைமுறையின் கையில் இயங்கும் நிலையிலே கொடுப்பது காப்போரால் மட்டுமே இயல்வது. அவ்வாறு கொடுக்கப்படும் பொருளே ஒரு திரட்டில் உயர்ந்த பொருள் ஆகும். ஹிகின்பாதத்தின் கருவியைப் பிரித்தவர்கள் தீயவர் அல்லர். எண்ணிப் பார்க்காதவர்கள், அவ்வளவே. வீட்டின் மூலையில் கிடக்கும் பழம்பொருளை எறிவதற்கு முன், அது யாருடைய உழைப்பு என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பவர், வரலாற்றின் ஒரு பக்கத்தைக் காத்தவர் ஆவார்.