ரெங்கத்தில் ஒரு கூடார டிரெய்லர் விற்ற கதை

ரெங்கம் வேறு, சிம்பாங் ரெங்கம் வேறு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வருகிறவர்களில் பாதிப் பேர் சிம்பாங் ரெங்கம் வந்ததும் "வந்துட்டோம்ணே, வீடு எங்க?" என்று போன் செய்வார்கள். மலாயில் சிம்பாங் என்றால் சந்தி. ரெங்கத்துக்குப் பிரிந்து போகிற சந்திதான் அது. அங்கிருந்து செம்பனை மரங்களுக்கு நடுவே கிழக்கே இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்தால்தான் எங்கள் ஊர்.

கடந்த பிப்ரவரியில் ஒரே வாரத்தில் ஏழு பேருக்கு நான் இந்த விளக்கத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் எல்லாரும் பார்க்க வந்தது, மேலே மடிப்புக் கூடாரம் வைத்த என் பழைய டிரெய்லரை.

ரெங்கம் ரயிலால் உண்டான ஊர்களில் ஒன்று. ஜொகூர் மாநிலத்தைக் கடக்கும் ரயில் பாதை 1909இல் முழுமையடைந்தது. குளுவாங்குக்கும் கூலாயிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் நிலையத்தைச் சுற்றிக் கடைகள் வந்தன. கடைகளைச் சுற்றித் தோட்டங்கள். முதலில் ரப்பர், பிறகு செம்பனை. பால்மரம் சீவ வந்த தமிழ்க் குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறை இப்போது ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறது. தீபாவளிக்கு ஊர் நிறையும். மற்ற நாள்களில் ஐந்தடிப் பாதையில் பூனைகள் தூங்கும்.

இப்படிப்பட்ட ஊரில் கூடார டிரெய்லர் எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள். ஒன்று, இங்கே இடம் இருக்கிறது. ஜொகூர் பாரு அடுக்குமாடியில் கார் நிறுத்தவே இடமில்லாதவர் டிரெய்லரை எங்கே வைப்பார்? எங்கள் வீடு தாமானில் மூலை வீடு. பக்கவாட்டு நிலத்தில் தகரக் கொட்டகை போட்டு நிறுத்திவிட்டேன். இரண்டு, வீட்டு வாசலைத் தாண்டினாலே செம்மண் சாலை.

கூரை மேல் வீடு

வாகனத்தின் கூரை மேல் கூடாரம் வைப்பது 1950களின் இறுதியிலேயே இத்தாலியில் விற்பனைக்கு வந்துவிட்டது. அதைக் கரடுமுரடான பாதைக்கு ஏற்ற இழுவை வண்டியின் மேல் ஏற்றிப் பெரிதும் பழக்கமாக்கியவர்கள் ஆஸ்திரேலியரும் தென்னாப்பிரிக்கரும். காரின் கூரையில் கூடாரம் இருந்தால், பால் வாங்கப் போவதற்கும் அதை மடிக்க வேண்டும். டிரெய்லரில் இருந்தால், முகாமில் அப்படியே விட்டுவிட்டுக் காரை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். கீழே பெட்டியில் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி. மேலே நான்கு பேர் நெருக்கிப் படுக்க இடம். ஏணி வைத்து ஏற வேண்டும்.

எட்டு வருடத்துக்கு முன் நான் இதை வாங்கிக் கொண்டுவந்தபோது அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "லயத்துல கூரை ஒழுகுனா கித்தானைக் கட்டிக்கிட்டுப் படுத்தோம். நீ காசு குடுத்துக் கித்தானுக்குள்ள படுக்கப் போறியா?" என்றார். அவ்வளவுதான் அவருடைய விமர்சனம். அடுத்த நிமிடம் குனிந்து, இழுவைக் கொக்கியைக் கையால் ஆட்டிப் பார்த்தார்.

அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். முப்பது வருடம் டிரெய்லர் இழுத்தவர். முதலில் பால் தொட்டி, பிறகு செம்பனைக் குலை. மழை பெய்த செம்மண் மேட்டில் பாரத்தோடு ஏறுவதும், குறுகிய வரப்பில் பின்னால் தள்ளுவதும் அவருக்குத் தினசரி வேலை. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது; வேலை முடிந்தால் வீட்டையும் விட்டுவிட வேண்டும். அப்படி விட்டுவிட்டுத்தான் இந்தத் தாமானுக்கு வந்தோம். வரும்போது அவர் கொண்டுவந்த ஒரே தொழில் டிரெய்லர் தள்ளும் தொழில். தாமானில் அதற்கு வேலை இல்லாமல் இருந்தது.

போன இடங்கள்

பழைய டிரெய்லரை வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது விலை. கேட்க வேண்டியது, அது எங்கெல்லாம் போனது என்பதை. ஒவ்வோர் இடமும் அதில் ஓர் அடையாளம் வைத்திருக்கும்.

எங்களுடையது முதலில் போனது குனோங் பெலுமுட் அடிவாரத்துக்கு. 1,010 மீட்டர் உயர மலை. குளுவாங்கிலிருந்து கஹாங் பக்கம் போகிற வழியில் பிரிய வேண்டும். ஆற்றோரம், அடர்ந்த நிழல். அங்கேதான் கித்தான் துணியில் முதல் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. நம் ஊர் ஈரத்தில் கூடாரத்தை நனைந்தபடி மடித்து இரண்டு நாள் விட்டால் போதும், பூஞ்சணம் பிடித்துவிடும். வீடு திரும்பிய அன்றே விரித்துக் காயவைக்க வேண்டும் என்பதை ஒரு சட்டமாகவே வைத்துக்கொண்டோம். புள்ளிகளை நீர் கலந்த வினிகரால் மெதுவாகத் துடைக்கலாம். குளோரின் போட்டால் புள்ளி போகும். கூடவே துணியின் நீர்காப்பும் போகும்.

அடுத்தது மெர்சிங்குக்குச் சற்று வடக்கே ஆயர் பாப்பான் கடற்கரை. குளுவாங்கிலிருந்து கஹாங், ஜெமாலுவாங் வழியாக மெர்சிங் போகும் சாலை பிள்ளைகளுக்கு மனப்பாடம். கடலோரம் தூங்குவது சுகம். ஆனால் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். ஏணியின் திருகாணிகளிலும் சட்டத்தின் பற்றவைப்புகளிலும் துரு அங்கிருந்துதான் வந்தது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவினோம். அதனால் அது மேல்துருவோடு நின்றது.

மூன்றாவது, எண்டாவ் ரொம்பின். ஜொகூர் பக்கம் போகிறவர்கள் கஹாங்கிலிருந்து கம்போங் பெத்தா வரை 56 கிலோமீட்டர் மண் பாதையில் போக வேண்டும். முதலில் செம்பனைத் தோட்டங்கள், பிறகு காடு. பெத்தா, ஜக்குன் பூர்வகுடி மக்களின் கிராமம். அங்கே டிரெய்லரை நிறுத்திவிட்டு, உப்பே குலிங் அருவிக்குப் படகிலும் நடந்தும் போனோம். பாறையில் நீர் சுழன்று சுழன்று குடைந்த குழிகள் தொட்டி போல இருக்கும். ஆளுக்கொரு குழியில் உட்கார்ந்தோம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பூங்காவை மூடிவிடுவார்கள். மார்ச் தொடங்கியதும் போகிறவர்களுக்குக் காடு கழுவிவிட்டது போல இருக்கும்.

அந்தப் பாதை சக்கரத்தின் பேரிங்கைச் சோதிக்கும். வெகுதூரம் ஓடிச் சூடான சக்கரக் குடம் திடீரென்று ஓடைத் தண்ணீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வெளியே எதுவும் தெரியாது. சில நூறு கிலோமீட்டர் கழித்து நெடுஞ்சாலையில் பேரிங் கத்தும். கவனிக்காவிட்டால் சக்கரமே கழன்று ஓடும். அதனால் ஓடை கடந்த ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அப்பா குடத்தைத் திறந்து பழைய கிரீஸைத் துடைத்துப் புதியது அடைப்பார். கேட்காமலே செய்வார். கித்தானைக் கிண்டல் செய்தவர், சக்கரத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டார்.

ஏன் விற்றோம்

வந்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி, "நல்லா இருக்கே, ஏன் விக்கிறீங்க?" அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. குளுவாங்குக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வர வேண்டும். சனிக்கிழமை போய்விட்டால் வார இறுதி போய்விடும். பெரியவள் பல்கலைக்கழகம் போய்விட்டாள். சின்னவனுக்கு இந்த ஆண்டு எஸ்பிஎம். கொட்டகையில் நிற்கிற கூடாரம் ஓடுகிற கூடாரத்தைவிடச் சீக்கிரம் கெடும். டயர் பட்டன் தேயாமலே வெடிப்பு விடும், எலி துணியைக் கடிக்கும். யாராவது பயன்படுத்துவதே அதற்கு நல்லது. எங்களுக்கும் பணம் தேவைப்பட்டது.

விலை 16,000 ரிங்கிட் என்று போட்டேன். வந்த ஏழு பேரில் ஐந்து பேர் கூடாரத்தை விரிக்கச் சொல்லி, ஏறிப் படுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆறாமவர் வாங்கி விற்கும் வியாபாரி. வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. "15,500. இன்னைக்கே கேஷ்" என்றார்.

ஏழாவதாக ஸ்கூடாயிலிருந்து ஓர் இளம் ஜோடி. அந்தப் பெண்ணின் பாட்டி லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவராம். அந்தத் தம்பி வந்ததும் தரையில் அட்டையை விரித்துப் படுத்து, டார்ச் அடித்துச் சட்டத்தைப் பார்த்தார். டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத்தைப் படித்து, எந்த ஆண்டின் எத்தனையாவது வாரத்தில் செய்தது என்று கணக்குப் போட்டார். அந்தப் பெண் கூடாரத்தின் தையல்களை விரலால் தடவிக்கொண்டே வந்தார். பிறகு கேட்டார்: "அண்ணே, கடைசியா எங்க போச்சு? தண்ணியில இறங்குச்சா?"

பெலுமுட்டில் பிடித்த பூஞ்சணம், பாப்பானில் வந்த துரு, பெத்தா வழியில் கடந்த ஓடைகள், பேட்டரியின் வயது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கிரீஸ் மாற்றிய தேதிகளை எழுதி வைத்திருந்த பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் இரண்டு பேரும் தனியே போய்ப் பேசிவிட்டு வந்து, 15,000 வரைதான் முடியும் என்றார்கள்.

ஐந்நூறு வெள்ளி குறைவு. எங்கள் வீட்டுக் கணக்கில் அது சின்னத் தொகை இல்லை. நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அப்பா தாழ்ந்த குரலில் சொன்னார்: "பாக்காம வாங்குறவன் பாக்காமத்தான் விப்பான். அதை வாங்கி இழுத்துக்கிட்டுப் போறவன் பின்னாடி எவன் வருவானோ?" ஜோடிக்கே கொடுத்தோம்.

பணம் கைமாறும் முன் சாலைப் போக்குவரத்துத் துறைப் பதிவுத் தாளை எடுத்து, சட்டத்தில் பொறித்த எண்ணும் அதில் இருப்பதும் ஒன்றா என்று இருவருமாகப் பார்த்தோம். டிரெய்லர் விஷயத்தில் இதில் அலட்சியம் கூடாது. பதிவு, பரிசோதனை, பெயர் மாற்றம் பற்றி அந்தத் துறையின் அலுவலகத்திலேயே நேரில் கேட்டுவிடுவது நல்லது. விற்கிறவர் வாயால் சொல்வதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

பின்னால் தள்ளும் பாடம்

அந்தத் தம்பி இதற்கு முன் டிரெய்லர் இழுத்ததில்லை. முன்னால் ஓட்டுவது யாருக்கும் வரும். பின்னால் தள்ளும்போதுதான் கஷ்டம். காரை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடப்பக்கம் போகும். கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் கத்தி மடிவது போல் மடிந்து காரையே இடிக்கும். நீளமான டிரெய்லர் நிதானமாகத் திரும்பும். இது போன்ற குட்டை டிரெய்லர்தான் துள்ளும்.

அப்பா அவரைப் பக்கத்துக் காலி நிலத்துக்குக் கூட்டிப் போனார். "ஸ்டீரிங்குக்கு மேல கை வைக்காதே தம்பி. கீழே பிடி. டிரெய்லரோட பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்து. கொஞ்சம்தான். மடங்குற மாதிரி தெரிஞ்சா நிறுத்தி முன்னால போய் நேராக்கு. அவசரம் வேணாம், குலை லாரி ஒண்ணும் காத்துக்கிட்டு நிக்கல." ஒரு மணி நேரம் ஆனது. அந்தத் தம்பிக்கு வந்ததும், தனக்கும் வேண்டும் என்று அந்தப் பெண் ஏறி உட்கார்ந்தார். அவருக்கு இருபது நிமிடத்தில் வந்துவிட்டது. "பாட்டி ரத்தம்" என்றார் அப்பா.

இந்தப் பாடத்தை எந்த விற்பனை விளம்பரத்திலும் போட முடியாது. தோட்டத்தில் கற்றது, தோட்டத்துக்கு வெளியே யாருக்கும் தேவைப்படாது என்று அவர் நினைத்திருந்தது. மூன்று வெள்ளிக்கிழமை கழித்து அவர்களிடமிருந்து ஒரு காணொளி வந்தது. கம்போங் பெத்தாவில் இரண்டு மரங்களுக்கு நடுவே அந்தப் பெண் டிரெய்லரைப் பின்னால் தள்ளி நிறுத்துகிறார். ஒரே தடவையில். அப்பா அதை நான்கு முறை பார்த்துவிட்டு, "கிரீஸ் மாத்தச் சொல்லு" என்றார்.