தங்கச்சியின் கெப் வண்டி

"அமெரிக்கா போய் வந்தீர்களே மௌலவி, என்னதான் பார்த்தீர்கள்?" என்று ஊர் திரும்பிய நாளிலிருந்து பலரும் கேட்டுவிட்டார்கள். ஹூஸ்டன் நகரின் விண்வெளி நிலையத்தைப் பற்றிச் சொல்வேன் என்று மத்ரஸாப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அங்கேயும் ஒரு நாள் போனேன்தான். ஆனால், அந்த ஆறு வாரங்களில் நான் கூடுதலாகப் பார்த்ததும், பாடம் படித்துக்கொண்டதும் என் தங்கச்சி வீட்டு வாசலில் நின்ற ஒரு பழைய கெப் வண்டியிடம்தான்.

குடும்பப் பெண்கள் வாசிக்கும் சஞ்சிகையில் வண்டிக் கதை எதற்கு என்று நினைக்க வேண்டாம். அந்த வண்டியை ஓட்டுபவள் ஒரு பெண். அதை வாங்குவதற்காகக் கழற்றிக் கொடுக்கப்பட்டவை ஒரு பெண்ணின் வளையல்கள்.

கால் இல்லாத வீடு

டெக்ஸாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகருக்குத் தென்மேற்கே சுகர் லேண்ட் என்றொரு ஊர். ஒரு காலத்தில் கரும்பு விளைந்த மண். பெயருக்குக் காரணமான சீனி ஆலை 2003இல் மூடப்பட்டுவிட்டது. இப்போது அங்கே வரிசை வரிசையாக வீடுகளும் அகன்ற பாதைகளும்தான். அதன் அருகேதான் என் தங்கச்சி, மச்சான், மூன்று பிள்ளைகள் குடியிருக்கிறார்கள்.

நமது அக்குறணையில் வீட்டுப் படியிறங்கினால் கடை, பள்ளிவாசல், பாடசாலை எல்லாம் கால் நடையில். அங்கே பாண் வாங்கவும் வண்டி வேண்டும். பஸ் வராத பாதைகள்தான் அதிகம். வண்டி இல்லாத வீடு கால் இல்லாத மனிதனைப் போன்றது.

2024 ஜூலை 8ஆம் திகதி 'பெரில்' புயல் அப்பகுதியைத் தாக்கியது. இருபது இலட்சத்துக்கும் அதிகமான மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. தங்கச்சி வீட்டு வாசலில் நின்ற பெரிய மரம் அவர்களுடைய சிறிய காரின் மேல் சாய்ந்தது. அல்ஹம்துலில்லாஹ், ஆட்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் கார் தகரமாகிவிட்டது. பழைய கார் என்பதால் மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டுமே காப்புறுதி எடுத்திருந்தார்கள். ஒரு சதமும் கிடைக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தது ஓகஸ்ட் நடுப்பகுதியில். பாடசாலை தொடங்கியிருந்தது. மச்சான் குளிரூட்டி திருத்தும் தொழிலாளி. ஏணியையும் ஆயுதங்களையும் சுமந்துகொண்டு கூட்டாளியின் வண்டியில் தொற்றிக்கொண்டு போவார். தங்கச்சி அயல் வீட்டுப் பெண்களின் தயவில் பிள்ளைகளை அனுப்பினாள். "கேட்டுக் கேட்டு எனக்கு வெட்கமா இருக்கு நாநா" என்று முதல் நாளே சொன்னாள்.

கடனுக்கு வண்டி கொடுக்கும் இடங்கள் ஏராளம். கையெழுத்திட்டால் அன்றைக்கே திறப்பைத் தருவார்கள். ஆனால் வட்டி. மச்சான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கையில் 8,000 டொலர் சேமிப்பு இருந்தது. தங்கச்சி, உம்மா கல்யாணத்துக்குப் போட்ட நான்கு வளையல்களைக் கழற்றினாள். ஹூஸ்டனில் ஹில்குரோப்ட் என்ற தெருவில் நமது நாட்டுப் பக்கத்தவர்களின் நகைக்கடைகள் இருக்கின்றன. அங்கே 2,200 டொலர் கிடைத்தது. கடையை விட்டு வெளியே வந்ததும் வெறும் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். நான் பார்க்காததைப் போல நடந்தேன்.

ஏன் இத்தனை பெரிது?

வேலைக்கும் ஆகவேண்டும், ஐந்து பேரும் ஏறவேண்டும். அப்படியானால் டெக்ஸாஸில் எல்லோரும் சொல்லும் ஒரே பதில், முழு அளவு பிக்கப். நமது ஊரில் ஓடும் டபிள் கெப்பை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் திகைத்துப்போவீர்கள். நீளம் ஏறக்குறைய 19 அடி. கண்ணாடிகளைச் சேர்க்காமலே அகலம் ஆறரை அடிக்கு மேல். எடை இரண்டு தொன்னைத் தாண்டும். அக்குறணையின் குறுக்குப் பாதைகளில் இதைத் திருப்பினால் இரண்டு வீட்டு மதிலை இடிக்க வேண்டிவரும்!

அங்கே இது விவசாயியின் வண்டி மட்டுமல்ல. பாடசாலை வாசலில், வைத்தியசாலையில், ஜும்ஆவுக்கு வரும் பள்ளிவாசல் முற்றத்தில் எங்கும் இதுதான். ஃபோர்ட் கம்பனி 1948இல் தொடங்கிய பிக்கப் வரிசை, 1977இலிருந்து அந்நாட்டில் அதிகம் விற்பனையாகும் பிக்கப்பாக இருந்து வருகிறது.

இதன் பின்னால் ஒரு கோழிக் கதையும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சி மலிவாக ஐரோப்பாவுக்குப் போய்க் குவிந்தது. ஐரோப்பியர்கள் அதற்கு வரியை உயர்த்தினார்கள். பதிலுக்கு அமெரிக்கா, 1964இலிருந்து வெளிநாட்டுச் சிறு லொறிகளுக்கு 25 சதவீத வரி போட்டது. கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது, லொறி வரி மட்டும் போகவில்லை. வெளிநாட்டுச் சிறிய பிக்கப்கள் மலிவாக உள்ளே வர முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். யாரோ தின்ற கோழிக்காக என் தங்கச்சி ஏணி வைத்து ஏற வேண்டிய வண்டியை வாங்கினாள் என்று மச்சான் சொல்லிச் சிரிப்பார்.

சேற்று வாசம்

முதலில் பார்த்தது, பாதையோர விற்பனைத் தரிப்பிடம் ஒன்றில் நின்ற 2014ஆம் ஆண்டு வண்டி. பளபளவென்று இருந்தது. விலையோ 7,500 டொலர்தான். தங்கச்சியின் கண்கள் மலர்ந்தன. கதவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் வாசனைத் திரவியம். அதற்குக் கீழே வேறொரு வாசம்.

அதை நான் அறிவேன். பிங்கா ஓயா பெருகினால் அக்குறணைக் கடைவீதி மூழ்கும். தண்ணீர் வடிந்து, கழுவி, வெயிலில் காயவைத்து, ஊதுபத்தி கொளுத்திய பின்னும் மாதக்கணக்கில் கடைகளுக்குள் நிற்கும் வாசம் அது.

"மச்சான், அந்தப் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள்" என்றேன். ஆசனப் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்தபோது, அதன் உள்முனையில் மண்ணிறக் கோடு ஒன்று தெரிந்தது. தண்ணீர் எதுவரை ஏறியது என்பதற்கு அதுவே சாட்சி. ஆசனத்தின் அடியில் கைவிளக்கு அடித்தோம். ஆணிகளில் துரு. விரிப்பின் ஓரத்தைத் தூக்கினால் மாவைப் போல மென்மையான சேறு. "மழைக்குள் கண்ணாடி திறந்து கிடந்தது, அவ்வளவுதான்" என்றார் விற்பனையாளர்.

எனக்கு மதீனாவின் சந்தை ஞாபகம் வந்தது. நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம். மழை பட்டுவிட்டது என்றுதான் அந்த வியாபாரியும் சொன்னார். அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கண்டித்தார்கள். காலம் மாறினாலும் காரணம் மாறவில்லை!

2017 ஓகஸ்ட்டில் 'ஹார்வி' புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது இலட்சக்கணக்கான வாகனங்கள் தண்ணீரில் கிடந்தன. அவற்றில் சில துடைக்கப்பட்டு, வேறு மாநிலங்களில் பதிவு மாற்றப்பட்டு, சந்தைக்குத் திரும்பி வந்தன. ஒவ்வொரு வாகனத்துக்கும் 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட அடையாள எண் உண்டு. வெள்ளத்தில் சேதமடைந்ததாகக் காப்புறுதிக் கம்பனிகள் அறிவித்தவற்றை அந்த எண்ணை வைத்து இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அன்றிரவு மச்சான் பார்த்தார். நாங்கள் சந்தேகித்தது சரிதான்.

குறைகளைச் சொல்லி விற்றவர்

அடுத்த சனிக்கிழமை கேட்டி என்ற ஊருக்குப் போனோம். பக்கப் பாதைகளையும் சேர்த்தால் இருபதுக்கும் அதிகமான நிரல்களில் வாகனங்கள் ஓடும் பெருந்தெருவைத் தாண்டிச் செல்ல வேண்டும். அங்கே ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் தன் 2011ஆம் ஆண்டு பிக்கப்பை விற்க வைத்திருந்தார். ஓடியது 148,000 மைல், நமது கணக்கில் சுமார் 238,000 கிலோமீற்றர். விலை பேசுவதற்கு முன்பே குறைகளை வரிசையாகச் சொன்னார். எஞ்சின் கொஞ்சம் ஒயில் குடிக்கும், இரண்டாயிரம் மைலுக்கு ஒரு லீற்றரளவு ஊற்ற வேண்டும். பின்கதவில் ஒரு நசுக்கு. ரயர்கள் இன்னும் ஒரு வருடம்தான் தாங்கும். பின்னால் பார்க்கும் கெமரா இல்லை. ஒவ்வொரு சேர்விஸையும் எழுதிவைத்த சிறிய கொப்பியையும் கையில் தந்தார்.

9,200 டொலருக்கு முடிந்தது. மாநில விற்பனை வரி 6.25 சதவீதம், அதாவது 575 டொலர். மீதி 425. குறை சொன்னவரிடம் வாங்கிய பொருளுக்கு மனம் அமைதியடைகிறது. எதை எதிர்பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது அல்லவா?

நாளாந்த ஓட்டம்

ஊரில் சைக்கிள்கூட மிதிக்காதவள் என் தங்கச்சி. இப்போது கால்பலகையில் ஏறி, அபாயாவின் ஓரத்தைத் தூக்கி மடித்து, ஒரு மெத்தையைப் போட்டு அமர்ந்து அந்த மலையை ஓட்டுகிறாள். (அபாயாவின் ஓரம் ஒருமுறை கதவில் சிக்கிக் கிழிந்த பிறகு வந்த பழக்கம் இது.) காலையில் மச்சானை வேலைத்தளத்தில் இறக்கி, பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டு, மாலையில் எல்லோரையும் திரும்பச் சேர்ப்பாள். வீட்டுக்குக் கிட்ட இடம் இருந்தாலும் கடைகளில் தூரத்து மூலையில்தான் நிறுத்துவாள். "நடக்கிறது லேசு நாநா, இதைத் திருப்புறதுதான் கஷ்டம்."

செலவையும் சொல்லவேண்டும். எட்டு சிலிண்டர் எஞ்சின். நகர ஓட்டத்தில் ஒரு கலனுக்கு 15 மைல், லீற்றருக்கு ஆறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். தாங்கியில் 26 கலன், ஏறக்குறைய 98 லீற்றர் கொள்ளும். கலன் 3 டொலரளவில் இருந்த அந்நாட்களில், நிரப்பினால் 78 டொலர். 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு முழுதும் நின்ற எனக்கு அந்த மீற்றர் ஓடும் வேகத்தைப் பார்க்க நெஞ்சு அடித்தது. தங்கச்சி தேவைகளை ஒரே பயணத்தில் கோத்து, தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் புறப்படுவாள்.

நன்மைகளும் உண்டு. புயலில் முறிந்த கிளைகளை அந்தத் தெருவின் அரைவாசி வீடுகளுக்கு அதுதான் ஏற்றி இறக்கியது. முன்னர் யாரிடம் வெட்கத்துடன் உதவி கேட்டாளோ, அவர்களே இப்போது ஒரு கட்டில் ஏற்ற வேண்டும், குளிர்சாதனப் பெட்டி கொண்டுவர வேண்டும் என்று வந்தார்கள். தங்கச்சி ஒருவருக்கும் இல்லை என்று சொல்லவில்லை.

அந்தக் காலை

ஒரு நாள் அவள் என்னிடம் சொன்னாள்: "நாநா, இதுல ஏறி இருந்தா எனக்குப் பயமே இல்ல. எல்லாரும் எனக்குக் கீழதான்." நானும் சிரித்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் அந்தப் பேச்சின் மறுபக்கம் விளங்கியது.

காலை ஏழு மணி. பிள்ளைகள் இன்னும் காலணி போட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி வண்டியில் ஏறி எஞ்சினை முடுக்கினாள். வாசலை நோக்கி நின்ற வண்டியை முன்னால் எடுக்க வேண்டும். நான் வாசற்படியில் நின்றேன். அயல் வீட்டு மூன்று வயதுக் குழந்தை, வண்டியின் முன்னால் குந்தியபடி நிலத்தில் சோக்கால் கோடு கீறிக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டு! தங்கச்சி, நிப்பாட்டு!"

என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. அவள் இன்னும் கியரைப் போடவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான். இறங்கி வந்து பார்த்தவள் அப்படியே நிலத்தில் அமர்ந்துவிட்டாள். குழந்தை தன் கோடுகளை அவளுக்குக் காட்டிச் சிரித்தது. அன்று அவள் வண்டியைத் தொடவில்லை.

மாலையில் மச்சானும் நானும் ஒரு வாளியை எடுத்து வண்டிக்கு முன்னால் வைத்தோம். தங்கச்சி ஓட்டுநர் ஆசனத்தில். "தெரியுதா?" "இல்ல." ஓரடி தள்ளினோம். "இல்ல." இப்படித் தள்ளித் தள்ளிப் பன்னிரண்டு அடி போன பிறகுதான் வாளியின் விளிம்பு அவளுக்குத் தெரிந்தது. போனட்டின் முன்விளிம்போ என் நெஞ்சளவு உயரம். அவளுக்குத் தைரியம் தந்த அதே உயரம்தான் குழந்தையை மறைத்திருக்கிறது.

இது எங்கள் வண்டியின் குறை மட்டுமல்ல. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவனம் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 40 அங்குலத்துக்கு மேல் போனட் உயர்ந்த வாகனங்கள் பாதசாரிகள்மேல் மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயரமும் சரிந்த முன்பக்கமும் கொண்ட வாகனங்களைவிட, மரணம் ஏற்படும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று அது காட்டியது. தந்தை பின்னோக்கிச் செலுத்திய வாகனத்தில் சிக்கி இறந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் பெயரால் 2008இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன் விளைவாக 2018 மே மாதத்திலிருந்து கார், பிக்கப் போன்ற புதிய இலகு வாகனங்கள் எல்லாவற்றுக்கும் பின்பக்கக் கெமரா கட்டாயம். பழைய வண்டிகளுக்கு அது இல்லை. தனியார் வாகனங்களுக்கான வருடாந்தப் பாதுகாப்புப் பரிசோதனையையும் டெக்ஸாஸ் 2025 ஜனவரியிலிருந்து நீக்கிவிட்டது. பாவித்த வண்டியை வைத்திருப்பவர் தானே தன் பரிசோதகராக இருக்க வேண்டும்.

மச்சான் 425 டொலர் மீதியிலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு சிறிய கெமராக்கள் வாங்கித் தன் கையாலேயே பொருத்தினார். தங்கச்சி அதோடு நிற்கவில்லை. தனக்கென்று இரண்டு ஒழுங்குகளை வைத்துக்கொண்டாள். ஒன்று, பிள்ளைகள் எல்லோரும் உள்ளே ஏறி, பெல்ட் போட்டு, கதவு மூடிய பிறகுதான் எஞ்சின். மற்றது, ஏறுவதற்கு முன் வண்டியை ஒரு முறை முழுதாகச் சுற்றி வருவது. அரை நிமிடம்கூட ஆகாது.

நான் புறப்பட்ட நாளன்று விமான நிலையத்துக்கு அவள்தான் ஓட்டி வந்தாள். என் பெட்டி பின்னால், நான் அவள் பக்கத்தில். ஏறுவதற்கு முன் விடியற்கால இருட்டில் கைவிளக்குடன் வண்டியைச் சுற்றி வந்தாள். கையில் வளையல் இல்லை. அதை அவள் இப்போது மறைக்கவும் இல்லை.

ஊர் வந்தபின் எங்கள் ஒழுங்கையை வேறு கண்ணால் பார்க்கிறேன். பாடசாலை வேன் பின்னோக்கி வருகிறது. முச்சக்கரவண்டி முற்றத்தில் திரும்புகிறது. நம் பிள்ளைகள் அவற்றின் இடையில்தான் விளையாடுகிறார்கள். எங்கள் வாகனங்கள் சிறியவைதான், ஆனால் குந்தியிருக்கும் குழந்தை அவற்றைவிடச் சிறியது. சகோதரிகளே, வீட்டில் வாகனம் ஓட்டுபவர் கணவரோ, மகனோ, நீங்களோ, யாராக இருந்தாலும், திறப்பை எடுக்கும்போது "ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

போன மாதம் தங்கச்சி தொலைபேசியில் பேசினாள். வண்டி 160,000 மைலைத் தாண்டிவிட்டதாம். ரயர் நான்கும் மாற்றியாகிவிட்டதாம், கடனில்லாமல். "ஒயில் மட்டும் இன்னும் குடிக்குது நாநா" என்றாள். அந்தப் பெரியவர் அதைச் சொல்லித்தானே விற்றார்!