கேமராவுக்கும் பல்லு பார்க்கணும்

கிணத்து மேட்டுப் பனையில தூக்கணாங்குருவி கூடு கட்டுற படத்தைப் பார்த்துட்டு நாலஞ்சு பேர் போன் போட்டுட்டாங்க. எந்த கேமரா, எவ்வளவு ஆச்சு, எங்க கம்மியா கிடைக்கும்னு கேள்வி. ஒரு வரியில சொல்ல முடியலை. இதுல நான் ஏமாந்த கதை ஒண்ணு இருக்கு. நான் இன்னொருத்தரை ஏமாத்திட்டேனோன்னு இன்னைக்கும் மனசுல ஓடுற கதையும் ஒண்ணு இருக்கு.

2010-ல மஞ்சள் குவிண்டால் பதினஞ்சாயிரத்தைத் தாண்டுச்சே, ஞாபகம் இருக்கா? அந்தக் காசுல கடன் போக மிச்சம் இருந்ததை வச்சு 2011 தீபாவளிக்கு நிக்கான் டி3100 வாங்கினேன். புதுசு, பில்லோட, 18-55 லென்ஸ் சேர்த்து 27 ஆயிரத்துச் சொச்சம். அதுல குறை ஒண்ணும் இல்லை. ஆனா தடப்பள்ளி வாய்க்கால் ஓரத்துல உக்கார்ற மீன்கொத்தியை அந்த லென்ஸ்ல எடுத்தா, படத்துல அது மீன்கொத்தியா மிளகாயான்னு தெரியாது. தூரத்துல இருக்கிறதை இழுத்து எடுக்க 300 வரைக்கும் போற லென்ஸ் வேணும்.

அதுக்குள்ள மஞ்சள் கவுந்திடுச்சு. 2012-ல அஞ்சாயிரத்துக்குக் கீழ போயிருச்சு. புது லென்ஸ் பத்தி வீட்டுல வாயைத் திறக்க முடியாது. நெட்டுல பழைய சாமான் பகுதியைத் தினம் ராத்திரி துழாவிக்கிட்டே இருந்தப்ப 70-300 ஒண்ணு அஞ்சாயிரத்து ஐநூறுக்கு மாட்டுச்சு. சொசைட்டி பால் காசு, வீட்டம்மா எருமைக்குத் தீவனம் வாங்க வச்சிருந்தது. ஒரே மாசத்துல திருப்பித் தர்றேன்னு வாங்கிட்டு கோயமுத்தூர் போனேன். ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல ஒரு பையன் வந்தான். நல்ல பை, புது பில்டர், துடைக்கிற துணி எல்லாம் சேர்த்துக் கொடுத்தான். அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சுது.

வீட்டுக்கு வந்து மாட்டினா போகஸ் ஆகலை. கையால திருகினாத்தான் ஆகுது. அப்புறம்தான் விவரம் தெரிஞ்சுது. நிக்கான்ல ஏஎப்-எஸ்னு எழுதின லென்ஸ்ல உள்ள மோட்டார் இருக்கும். வெறும் ஏஎப்னு இருந்தா கேமராவுக்குள்ள மோட்டார் இருக்கணும். டி90, டி7000 மாதிரி பாடியில இருக்கு, என்னோட டி3100-ல கிடையாது. அந்த 70-300-ல மோட்டாரும் இல்லை, கை ஆட்டத்தைத் தாங்குற விஆரும் இல்லை. ரெண்டும் இருக்கிற 70-300 வேற ஒண்ணு இருக்கு, பேரு கிட்டத்தட்ட ஒண்ணுதான், விலை மூணு மடங்குக்கு மேல. சரி, கையால திருகியாவது எடுப்போம்னு பார்த்தா படமெல்லாம் புகை மூட்டம். டார்ச் அடிச்சுப் பார்த்தேன். உள் கண்ணாடியில சிலந்தி வலை மாதிரி பூஞ்சாணம் ஓடிக் கிடக்குது. அந்த பையனோட நம்பர் அதுக்கப்புறம் எடுக்கவே இல்லை.

கருங்கல்பாளையம் சந்தையில எங்க அப்பாரு கூட எத்தனை தடவை மாடு பிடிக்கப் போயிருக்கேன். துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் பிடிச்சு விலை பேசுறதுக்கு முன்னாடி அவரு பல்லு பார்ப்பாரு, கொம்பு வளையத்தை எண்ணி எத்தனையாவது ஈத்துன்னு சொல்லுவாரு, நடக்க விட்டுப் பார்ப்பாரு. காலையில பீச்சாம மடி புடைக்கக் கொண்டாந்து நிறுத்தினா, "சாயங்காலம் வர்றேன், அப்ப கறந்து காட்டு"ன்னு நகர்ந்திடுவாரு. அவரு பேரன் நான், பையையும் பில்டரையும் பார்த்து மயங்கிட்டு வந்தேன். புடைச்ச மடி அதுதான்.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஒண்ணும் வாங்கலை, கத்துக்கிட்டேன். பழைய கேமரா வாங்கப் போறவங்க இதை மட்டும் பாருங்க. ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குன்னு ஒரு கணக்கு உண்டு. நிக்கான்ல அது எடுத்த படத்துக்குள்ளயே பதிஞ்சிருக்கும். உங்க மெமரி கார்டைப் போட்டு நீங்களே ஒரு படம் எடுத்து வந்து கம்ப்யூட்டர்ல பார்த்தா தெரிஞ்சிடும். கேனான்ல பெரும்பாலும் படத்துல இருக்காது, கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். அதுதான் ஈத்துக் கணக்கு. லென்ஸை வெளிச்சத்துல பார்க்காதீங்க, இருட்டு மூலைக்குக் கொண்டு போய்ப் பின்பக்கம் செல்போன் டார்ச் அடிச்சுப் பாருங்க. பாடி நம்பரும் பில்லுல இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு பாருங்க. பில் இல்லைன்னா திருட்டுப் பொருளா இருக்கலாம். வெளிநாட்டுல இருந்து பில் இல்லாம வந்த புதுசும் விலை கம்மியாத்தான் இருக்கும், ஆனா இங்க வாரண்டி செல்லாது. அப்புறம், புது மாடல் வந்ததும் பழைய மாடல் விலை இறங்கும், மழைக்குக் காத்திருக்கிற மாதிரி அதுக்குக் காத்திருங்க. பூஞ்சாணம் ஈரத்துல வர்றது. காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. நீலம் ரோஸ் ஆயிட்டா வாணலியில லேசா சூடு பண்ணினா மறுபடி நீலமாயிடும். வீட்டுல கேட்காம வாணலியை எடுக்காதீங்க, எனக்கு ஆனது போதும்.

2014-ல எங்க பஸ் ஸ்டாண்டு ஸ்டுடியோ அண்ணன் கடையைக் காலி பண்றாருன்னு கேள்விப்பட்டேன். இருவது வருஷத்துக்கு மேல நடத்தின ஸ்டுடியோ. பாஸ்போர்ட் போட்டோ ஜெராக்ஸ் கடைக்குப் போயிருச்சு, பெரிய கல்யாணத்துக்கெல்லாம் டவுன்ல இருந்து ஆள் வர்றாங்க, வாடகை ஏத்திட்டாங்க. பொண்ணுக்கு நர்சிங் பீஸ் வேற அந்த வாரமே கட்டணும். போய் உக்கார்ந்தேன். டி90 பாடி, 50 எம்எம் லென்ஸ், ஒரு பிளாஷ், அப்புறம் அந்த நல்ல 70-300. பாரியூர் குண்டத்துக்குத் தடுப்புக்கு வெளியே நின்னு எடுக்கிறதுக்காக வாங்கினாராம். எல்லாம் சேர்த்து 32 ஆயிரம் சொன்னாரு.

ராத்திரி ராத்திரி விலை பார்த்தவன் நான். தனித்தனியா வித்தா நாப்பதைத் தாண்டும்னு எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியலையா, தெரிஞ்சும் அவசரமான்னு தெரியலை. டார்ச் அடிச்சேன், கண்ணாடி சுத்தம். நம்பர் பார்த்தேன், 83 ஆயிரத்துச் சொச்சம். வாயை மூடிக்கிட்டு காசைக் கொடுத்திருக்கணும். சந்தைப் பழக்கம் விடலை.

"ஏனுங்கண்ணா, கம்பெனியே ஒரு லட்சம் வரைக்கும்தான் சொல்றான். இது எம்பத்தி மூணு ஆயிருச்சே. இருவத்தஞ்சு தர்றேன்."

அவரு கொஞ்ச நேரம் பேசலை. கேமராவை எடுத்து வேட்டி நுனியில துடைச்சாரு.

"அந்த எம்பத்தி மூணுல உங்க அப்பாரு படமும் ஒண்ணு இருக்குதுங் தம்பி."

எங்க வீட்டுத் திண்ணையில மாலை போட்டு மாட்டியிருக்கிற படம் அது. சாகறதுக்கு மூணு மாசம் முன்னாடி எருதுக்குப் பக்கத்துல நின்னு சிரிச்சாரு. பிரேமுக்கு மட்டும் காசு வாங்கினாரு அண்ணன், படத்துக்கு வாங்கலை. அது தெரிஞ்சும் நான் உடனே 32-ன்னு சொல்லலை. 28-ல முடிஞ்சுது. நடுவுல ஒரு டீ குடிச்சோம், அதுக்கும் அவருதான் காசு கொடுத்தாரு.

வீட்டுல எல்லாத்தையும் பாயில பரப்பி வச்சேன். பையன் குதிக்கிறான். வீட்டம்மா விலையைக் கேட்டா, சொன்னேன். எவ்வளவு பெறும்னு கேட்டா, அதையும் சொன்னேன்.

"அவரு கேட்டதே கம்மின்னா எதுக்குங்க கொறைச்சீங்க?"

பதில் இல்லை. எருமைத் தீவனக் காசைத் தொலைச்சுட்டு வந்த அன்னைக்குக் கூட அவ அப்படிப் பார்க்கலை.

மூணாம் நாள் நாலாயிரத்தை எடுத்துக்கிட்டுப் போனேன். அண்ணன் போர்டு கழட்டிக்கிட்டு இருந்தாரு. காசை வாங்கலை. "பேசினது பேசினதுதானுங் தம்பி. பீஸ் கட்டியாச்சு"ன்னாரு. திரும்பிப் பார்க்காமயே, "வேணும்னா எப்பவாவது ஒரு காதுகுத்து, சீருன்னு யாராச்சும் கூப்பிட்டா ஒரு நாளைக்குக் கேமராவைக் குடுங்க"ன்னாரு.

அப்படித்தான் போய்க்கிட்டு இருக்கு. அந்தப் பூஞ்சாண லென்ஸ் கூட டி90-ல மாட்டினா போகஸ் ஆகுது, ஆனாலும் நல்ல லென்ஸ் பக்கத்துல வைக்கிறதில்லை. தூக்கணாங்குருவி படம் எடுத்தது அண்ணனோட 70-300-லதான். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டிட்டுத் தொங்கிக்கிட்டு இறக்கையை அடிக்கும், பொட்டை வந்து பார்த்துப் பிடிக்கலைன்னா போயிரும். அதைப் பார்க்க ரெண்டு காலை நேரம் தண்ணி கட்டுற வேலையை விட்டுட்டு வரப்புல உக்கார்ந்திருந்தேன்.

நேத்து நம்பர் பார்த்தேன், 91 ஆயிரத்தைத் தாண்டியிருக்கு. அதுல என்னோடது எத்தனை, அவரோடது எத்தனைன்னு தெரியாது. ஒரு லட்சம் வந்ததும் உடனே நின்னுடும்னு இல்லை, ஓடுற வரைக்கும் ஓடும்னு சொல்றாங்க. ஆவணியில ரெண்டு முகூர்த்தம் இருக்குதாம், சனிக்கிழமை சாயங்காலமே வந்து வாங்கிக்கிறேன்னு அண்ணன் போன் பண்ணினாரு. ரெண்டு பேட்டரியையும் சார்ஜ்ல போட்டு வைக்கணும்.