எரியாத விளக்கு



அம்பாசடர், மாருதி 800 ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுபோயிற்று. ஆயினும் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையில் அவற்றை இன்றும் காண்கிறோம். நம்மில் சிலர் ஆராதனைக்கு வருவதும் அவற்றில்தான்.

சென்ற வாரம் சபை மூப்பர் ஒருவரின் பழைய காரில் டாஷ்போர்டு பல்புகளை மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டர் பெட்டியைக் கழற்றி, பின்புறமுள்ள ஹோல்டரைச் சற்றே திருப்பினால், விரல்நுனி அளவுள்ள பல்பு கையில் வந்துவிடுகிறது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் அங்கே களிம்பேறும்; புதுப் பல்பைப் பொருத்துமுன் அதை மெல்லத் துடைக்கவேண்டும்.

வேகமானியின் வெளிச்சம் போனால் இரவில் உடனே தெரிந்துவிடும். ஆயில் விளக்கின் பல்பு போனால் தெரிவதில்லை. சாவியைத் திருப்பியதும் அது எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியபின் அணையவேண்டும். எரியவே எரியாத விளக்கைக் கண்டு குறையொன்றுமில்லை என்று எண்ணுகிறவர், ஆயில் அழுத்தம் குறைந்து இன்ஜின் பழுதாகும்வரை நிம்மதியாகவே ஓட்டுவார். பேட்டரி விளக்கு இன்னும் விசித்திரமானது. பல பழைய கார்களில் அந்தப் பல்பின் வழியே செல்லும் சிறு மின்னோட்டமே ஆல்டர்னேட்டரைத் தூண்டிவிடுகிறது. பல்பு போனால், எச்சரிக்கையோடு பேட்டரிக்கு ஏறும் மின்சாரமும் நின்றுவிடக்கூடும்.

சூடுண்ட மனசாட்சியைக் குறித்துப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை அப்போது நினைத்துக்கொண்டேன். "ஐயா, என் மனம் என்னை உறுத்தவில்லை" என்று ஒருவர் சொல்லும்போது, கடைசியாக எப்போது உறுத்தியது என்று கேட்பது என் வழக்கம். பலரிடமிருந்து பதில் வர நேரமாகிறது.