ஒரே பெயரில் இரண்டு டப்பா

எங்கள் வீட்டுச் சமையலறையில் 'ரவை' என்று எழுதிய டப்பாவில் கோலமாவுதான் இருக்கும். அம்மாவுக்கு அதில் குழப்பமே வராது. எனக்கு ஒருமுறை உப்புமா வீணானது. அதே தவறை 41 வயதில் கம்ப்யூட்டரிலும் செய்தேன்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு பிஹெச்.டி சேர்ந்தேன். கிராமத்துப் பெண்களும் சர்க்கரைநோயும் என்பது தலைப்பு. வீடு வீடாக ஏறி 318 பெண்களிடம் கேள்வித்தாள் நிரப்பினேன். கணக்குப் போட 'ஆர்' மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் உருவாக்கியது. இலவசம் என்பதால் என் போன்றவர்களுக்கு வரம்.

எக்ஸெலில் ஏற்றியதில் ஏகப்பட்ட பிழைகள். மூன்று வாரம் இரவில் விழித்து, ஒவ்வொரு தாளாகப் பார்த்துத் திருத்தி, 'தரவு' என்ற பெயரில் சேமித்தேன்.

ஒரு சனிக்கிழமை, ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று முன்னோட்டமாக எடுத்த 40 பேரின் பழைய ஃபைலை 'லோட்' கட்டளை கொடுத்துத் திறந்தேன். அதற்குள்ளும் 'தரவு' என்றே பெயர் வைத்திருந்தது நினைவில் இல்லை. 'லோட்' நம்மைக் கேட்காது. சேமித்தபோது என்ன பெயரோ, அதே பெயரில் கொண்டுவந்து வைக்கும். அங்கே ஏற்கெனவே அந்தப் பெயரில் ஒன்று இருந்தால், சத்தமில்லாமல் அதை அழித்துவிடும். நானோ அதைக் கவனிக்காமல் புது ஃபைலின் மேலேயே சேமித்து, மூடிவிட்டுத் தூங்கப் போனேன்.

திங்களன்று திறந்தால் 40 பேர்தான் இருந்தார்கள். அழுகையே வந்துவிட்டது.

"தாளெல்லாம் இருக்குல்ல? நான் வாசிக்கிறேன், நீ சரி பாரு" என்று அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நாலு நாள் வாசித்தாள். "வயசு 52. கடைசியா எப்ப சுகர் பார்த்தீங்க? பார்த்ததே இல்ல." அடுத்த தாள். "வயசு 60. பார்த்ததே இல்ல."

நாலாம் நாள் சாயங்காலம், கடைசிக் கட்டைக் கட்டிவைக்கும்போது கேட்டாள்: "ஏண்டி, எனக்கும் ஒரு வாட்டி பார்த்துடலாமா?"

எனக்குப் பேச்சே வரவில்லை. ஊரெல்லாம் கேட்ட கேள்வியை வீட்டில் கேட்கவே இல்லை. மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்தபோது 186. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இப்போது தினமும் காலையில் இருவரும் நடக்கிறோம்.

இப்போதெல்லாம் நான் 'சேவ்ஆர்டிஎஸ்' கட்டளையில்தான் சேமிக்கிறேன். அது ஒரு பொருளைப் பெயர் ஒட்டாமல் வைக்கும். 'ரீட்ஆர்டிஎஸ்' கொடுத்துத் திறக்கும்போது என்ன பெயரில் வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். எந்தப் பாத்திரத்தில் ஊற்றுகிறோம் என்று பார்த்து ஊற்றுவது மாதிரி. ஃபைல் பெயரில் தேதியும் போடுகிறேன். திருத்தங்களைக் கையால் செய்யாமல் கட்டளைகளாக எழுதி வைக்கிறேன். பொருள் போனாலும் அவற்றை ஓட்டினால் திரும்ப வந்துவிடும்.

சமையலறை டப்பாக்களுக்கும் புது லேபிள் ஒட்டினேன். ரவை டப்பாவில் இப்போது ரவைதான் இருக்கிறது. சர்க்கரை டப்பாவை மட்டும் அம்மாவே எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டாள்.