நீச்சல் குளத்தின் பின்கட்டு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரையைத் தாண்டிச் செல்லச் செல்ல, மதிற்சுவர்களுக்குள் நீச்சல் குளம் வைத்துக் கட்டிய வீடுகள் பெருகிக்கொண்டே போகின்றன. அந்தக் குளங்களின் நீல ஓடுகளை விருந்தினருக்குக் காட்டிப் பூரிக்கும் வீட்டுக்காரர்களில் எத்தனை பேர், நீரைக் கெடாமல் காக்கும் யந்திரங்கள் இருக்கிற அறைக்குள் ஒரு தடவையேனும் இறங்கிப் பார்த்திருப்பார்கள் என்பது சந்தேகமே. அந்த அறைகளில் ஜீவனம் நடத்தும் தொழிலாளர் இருவரோடு ஒரு காலைப் பொழுதைக் கழிக்க எனக்கு வாய்த்தது. குளத்தின் பிராணன் எங்கே இருக்கிறது என்பதை அங்கேதான் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

நாங்கள் சென்ற வீட்டுக் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழம் உடையது. சுமார் 40,000 லிட்டர் கொள்ளும். இவ்வளவு நீரும் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் ஒரு முறை மணல் வடிகட்டியின் வழியே சுற்றி வரவேண்டும் என்பது தொழிலின் பொதுவிதியாதலால், மணிக்கு 5,000 முதல் 7,000 லிட்டர் தள்ளும் பம்ப்பே அதற்குப் போதும். பெரிய மோட்டாரே சிறந்தது என்று எண்ணி வாங்குகிறவர்கள், மின்சாரத்தை விரயம் செய்வதோடு, மணலின் ஊடே நீரை அதிவேகமாய்ச் செலுத்தி அழுக்கையும் குளத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

விளிம்பிலுள்ள ஸ்கிம்மர், மிதக்கும் சருகையும் எண்ணெய்ப் பிசுக்கையும் இழுத்துக்கொள்ள, அடி வடிகால் கீழ்நீரை இழுக்கிறது. இந்த வடிகாலில் உயிராபத்து உண்டு. ஒரே வடிகாலாய், அதன் மூடியும் உடைந்ததாய் இருந்துவிட்டால், பம்ப்பின் உறிஞ்சு விசை முழுவதும் அதன்மேல் அமரும் குழந்தையைப் பற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி 2002-இல் இவ்விதமே ஒரு வெந்நீர்த் தொட்டியில் உயிர் துறந்தாள். அவள் பெயரிலேயே 2007-இல் அந்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. குறைந்தது மூன்றடி இடைவெளியில் இரண்டு வடிகால்கள், உடையாத குவிந்த மூடிகள்: குளம் வைத்திருக்கும் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியவை இவையே.

பம்ப் அறை, தோட்டத்து மூலையில் பூமிக்குள் அமைந்த ஒரு குழி. இரும்பு ஏணியில் இறங்கிய மூத்தவர் முதலில் அழுத்தமானியைப் பார்த்தார். மணல் சுத்தமாயிருந்தபோது 12-இல் நின்ற முள் 21-ஐத் தொட்டிருந்தது. எட்டோ பத்தோ ஏறினால்தான், நீரை எதிர்த்திசையில் செலுத்தி மணலை அலசும் ‘பேக்வாஷ்’ செய்வார்களாம்; சிறிதளவு அழுக்கேறிய மணல் புது மணலைவிட நுண்ணிய தூசியைப் பிடிக்குமாதலால், தினந்தோறும் அலசுவது நன்மையன்று. உடன் வந்த இளைஞன் மணல் தொட்டியின் தலைமேலுள்ள வால்வில் கை வைத்தான். “தம்பி, மோட்டாரை நிறுத்தாம கைப்பிடியைத் திருப்பாதே, உள்ளே ரப்பர் கிழிஞ்சுடும்!” என்றார் மூத்தவர். “நிறுத்திட்டேன் அண்ணே” என்று காட்டிவிட்டு அவன் திருப்பினான். மோட்டார் மறுபடி ஓடியதும், வால்வின் பக்கத்திலுள்ள சிறு கண்ணாடிக் குமிழில் நீர் முதலில் தேநீர் நிறமாகவும், பின்பு கலங்கிய மஞ்சளாகவும், இரண்டு மூன்று நிமிஷத்தில் ஸ்படிகமாகவும் ஓடிற்று. உடனே வடிகட்டும் நிலைக்கு மாற்றிவிடாமல், கலைந்த மணல் படியும் பொருட்டு ‘ரின்ஸ்’ நிலையில் ஒரு நிமிஷம் ஓடவிட்டார்கள். பம்ப்பின் முன்னுள்ள கூடையைக் கழுவி, மூடியின் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் தடவியபோது, சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதச் செய்து கெடுத்துவிடும் என்று இளைஞனே எனக்கு விளக்கினான். அவன் முகத்தில் தெரிந்த வித்தைப் பெருமிதம் எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தந்தது.

வடிகட்டுவதோடு வேலை முடிவதில்லை. நீரில் குளோரின் பத்து லட்சம் பங்கில் ஒன்று முதல் மூன்று பங்கும், பி.எச். 7.2 முதல் 7.8 வரையும் இருக்கவேண்டும். பி.எச். உயர்ந்தால், குளோரின் இருந்தும் அது கிருமியைக் கொல்லும் வலுவில் பெரும்பகுதியை இழக்கிறது. உயர்ந்த பி.எச்.-ஐத் தணிக்க அமிலம் வேண்டியிருக்கிறது. அந்தக் குழியிலோ அமிலக் கேனும் குளோரின் வாளியும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன. இரண்டும் கலந்தால் வெளிப்படுவது, 1915-இல் ஈப்ர போர்க்களத்தில் படைவீரர்களை மாய்த்த அதே குளோரின் வாயு. அது காற்றைவிடக் கனமானது, பள்ளத்திலேயே தங்கும். ஜன்னலற்ற குழியில், ஒற்றை ஏணியை நம்பி நிற்கும் மனிதனுக்கு அது என்ன செய்யும் என்பதை எண்ணியபோது, ஓடுகளுக்குச் செலவிடும் கை இந்த அறைக்கு மட்டும் ஏன் சுருங்கவேண்டும் என்ற வேதனை என்னை வாட்டியது.

மூத்தவர் அமிலக் கேனை மேலே தூக்கி வந்து, தோட்டக் கொட்டகையில் தனியே வைத்துப் பூட்டினார். வீட்டுக்காரரை அழைத்து, “சார், கீழே காத்தே இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு போட்டுக் கொடுங்க” என்றார். வீட்டுக்காரர் முதன்முறையாகக் குழிக்குள் எட்டிப் பார்த்து, அடுத்த முறை இவர்கள் வருவதற்குள் போட்டுவிடுவதாகச் சொன்னார். ஏணிக்குப் பதிலாகப் படிக்கட்டு வேண்டும் என்பதையும் மூத்தவர் அப்போதே கேட்டுவைத்தார்.