மசோதாவைப் படிப்பவர்கள்

டெல்லி நார்த் அவென்யூ. குடியரசுத் தலைவர் மாளிகையை ஒட்டிய சாலையில் எம்.பி.க்களின் அரசுக் குடியிருப்பு ஒன்று. கூடம்தான் அலுவலகம். வாசலைப் பார்த்துக் கிடக்கும் பெரிய மேசை பி.ஏ.வுடையது. உள்ளே, சன்னலோரம், அலமாரிக்கும் ஹீட்டருக்கும் நடுவில் ஒரு சின்ன மேசை. அதில் ஒரு பெண். சட்டம் படித்தவள், இருபத்தைந்துக்கு உள்ளேதான் வயது இருக்கும். கம்பளிச் சால்வையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு மடிக்கணினியில் குனிந்திருக்கிறாள்.

பி.ஏ.வின் தொலைபேசி ஓயவில்லை. எய்ம்ஸில் ஒரு படுக்கை. எமர்ஜென்சி கோட்டாவில் இரண்டு டிக்கெட். பிரதமர் நிவாரண நிதியிலிருந்து சிகிச்சைக்கு உதவி கேட்டு ஒரு கடிதம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் ஆதார் நகலை அந்தப் பெண்ணிடம் நீட்டுகிறார். “பாப்பா, இதை வச்சு ஒரு லெட்டர் அடிச்சுக் குடும்மா.” அது அவள் வேலையில்லை. “உட்காருங்க தாத்தா” என்று நாற்காலியைக் காட்டிவிட்டு, அடித்துத் தருகிறாள். பிறகு தன் திரைக்குத் திரும்புகிறாள்.

திரையில் இருப்பது ஒரு கேள்வி. நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் கிடையாது என்பது மத்திய அரசின் விதி. குறுவை அறுக்கும் நேரத்தில் டெல்டாவில் மழை பிடித்துக்கொள்ளும். நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து முளைவிடும். 22 சதவீதம் வரை தளர்த்துங்கள் என்று தமிழ்நாடு கேட்கும். டெல்லியிலிருந்து குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். ஆணை வருவதற்குள் பாதி நெல் வியாபாரி கைக்குப் போயிருக்கும். 2022-இல் 19 சதவீதம் வரை தளர்வு கிடைத்தது. இந்தக் கதை முழுவதையும் அவள் ஒரு கேள்விக்குள் அடக்க வேண்டும்.

மக்களவை விதிப்படி கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது. அதில் வாதம் இருக்கக் கூடாது, குற்றச்சாட்டு இருக்கக் கூடாது, கேலி கூடாது, நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரம் கூடாது. ‘விவசாயிகள் கண்ணீர் விடுவதை அரசு அறியுமா’ என்று எழுதினால் செயலகம் திருப்பி அனுப்பிவிடும். அவள் முதலில் எழுதியதில் ‘அநியாயமாக’ என்றொரு சொல் இருக்கிறது. அதை அடிக்கிறாள். ‘தாமதத்தால்’ என்று போட்டு, அதையும் அடிக்கிறாள். கடைசியில் நிற்பவை வெறும் எலும்புகள்: (அ) கடந்த மூன்று ஆண்டுகளில் தளர்வு கோரி மாநிலம் எழுதிய கடிதங்களின் தேதிகள்; (ஆ) ஒவ்வொன்றுக்கும் ஆணை பிறந்த தேதி; (இ) மாதிரிகளைச் சோதித்த இடம், முடிவு வந்த நாள்; (ஈ) மாவட்ட அளவிலேயே முடிவெடுக்க வழி உண்டா, இல்லையெனில் காரணம் என்ன.

தேதிகளைக் கேட்கிறாள், அவ்வளவுதான். கோபம் தனியாகத் தெரியாது. ஆனால் அந்தத் தேதிகள் அச்சில் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், எத்தனை நாள் நெல் நனைந்தது என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை. நல்ல கேள்வி என்பது இதுதான்.

பதில் வேண்டிய நாளுக்கு 15 நாள் முன்னதாக இதைக் கொடுக்க வேண்டும். பிறகு குலுக்கல். ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்குத்தான் நட்சத்திரக் குறி. அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டியவை அவை. மேலும் 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். அந்த இருபதிலும் ஒரு மணி நேரத்துக்குள் அவையில் எடுக்கப்படுபவை பெரும்பாலும் நாலைந்துதான். குலுக்கலில் பெயர் மேலே வந்துவிட்டால் அன்றிரவு அவளுக்குத் தூக்கமில்லை. அமைச்சர் இப்படிச் சொன்னால் இந்தத் துணைக் கேள்வி, அப்படிச் சொன்னால் அந்தத் துணைக் கேள்வி என்று ஒற்றைத் தாளில் எழுதி, பெரிய எழுத்தில் அச்செடுக்க வேண்டும். எம்.பி.க்குக் கண்ணாடியைத் தேட நேரமிருக்காது.

அவள் மேசையில் இன்னொரு கோப்பு. அதைப் பார்த்தபோதுதான் இந்த வேலை மீது எனக்குப் பெரிய மதிப்பு வந்தது. ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்’ என்று அமைச்சர்கள் பதில் சொல்வார்கள் அல்லவா? நாம் அதோடு மறந்துவிடுகிறோம். அது அரசு அவைக்குக் கொடுத்த உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றப்பட வேண்டும். அதைக் கண்காணிக்கத் தனிக் குழு உண்டு. தன் எம்.பி. கேட்ட கேள்விகளில் இப்படித் தொங்கிக்கொண்டிருப்பவற்றை அவள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். மூன்று மாதம் கழிந்தவற்றுக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு புள்ளி. புள்ளி விழுந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு நினைவூட்டுக் கடிதம்.

மாலை ஐந்து மணிக்கு ஒரு மசோதா வந்து சேர்கிறது. அதை அவள் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. கடைசிப் பக்கங்களுக்குப் போகிறாள். நோக்கக் காரண விளக்கம், எவ்வளவு செலவாகும் என்ற நிதிக் குறிப்பு, எந்தெந்த அதிகாரம் அதிகாரிகளின் கைக்குப் போகிறது என்ற குறிப்பு ஆகியவை அங்கேதான் இருக்கும். பிறகு பழைய சட்டத்தைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு பிரிவு பிரிவாக ஒப்பிடுகிறாள். ‘விதிகளில் வகுத்துரைக்கப்பட்டவாறு’ என்ற தொடர் வரும் இடமெல்லாம் பென்சில் கோடு. நாடாளுமன்றம் தான் முடிவு செய்யாமல் அரசாணைக்கு விட்டுவைக்கும் இடங்கள் அவை. சட்டம் யாரைக் கடிக்கும் என்பது பல சமயம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

விவாதத்தில் கட்சிக்குக் கட்சி பலத்தைப் பொறுத்து நேரம். சிறிய கட்சிக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. நாற்பது பக்க மசோதாவுக்கு ஐந்து நிமிடம். அதற்கு மேல் பேசினால் மணி அடிக்கும். அவள் எழுதிய குறிப்பை எம்.பி. இரவில் வாங்கிப் பார்க்கிறார். ஊர்ப் பேச்சுக்காரர், மேடையில் வளர்ந்தவர். “ஏம்மா, இதுல ஒரு உணர்ச்சியும் இல்லையே?” என்கிறார். “சார், ஏழாவது பிரிவை மட்டும் சொல்லிடுங்க சார். அதை வேற யாரும் சொல்ல மாட்டாங்க.” அவர் ஏழாவது பிரிவைப் படிக்கிறார். இரண்டாவது முறையும் படிக்கிறார். பேனாவை எடுத்து அதைத் தன் உரையின் முதல் வரிக்குக் கொண்டுபோகிறார். மறுநாள் அவர் பேசுவதை அவள் சன்சத் டிவியில் பார்ப்பாள். அவைக் குறிப்பில் அவள் பெயர் இருக்காது. இருக்கவும் கூடாது, பேசுகிறவர்தான் மக்களுக்குப் பொறுப்பு.

இவளைப் போன்றவர்கள் பலர் 2010-இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் வழியாக வருகிறார்கள். டெல்லியில் இயங்கும் பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு நடத்துவது அது. ஆண்டுதோறும் இளம் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, ஓர் எம்.பி.க்கு ஒருவர் என்று, மழைக்காலக் கூட்டத்தொடர் முதல் பட்ஜெட் கூட்டத்தொடர் முடியும்வரை அனுப்புகிறது. மக்களவைக்கு 543 பேர், மாநிலங்களவைக்கு 245 பேர் என்று இருக்கும் நாடாளுமன்றத்தில் இந்தத் திட்டம் தொடும் எம்.பி.க்கள் மிகச் சிலர்தான். மற்றவர்கள் தங்கள் அலுவலகப் படியிலிருந்துதான் உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். 2025-இல் உயர்த்திய பிறகு அந்தப் படி மாதம் 75,000 ரூபாய். அதில் உதவியாளருக்கென்று ஒதுக்கியது 50,000. அந்தப் பணம் எய்ம்ஸ் கடிதத்துக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் ஓடும் பி.ஏ.வுக்குப் போய்விடும். போகத்தான் வேண்டும், நோயாளி காத்திருக்க முடியாது. மசோதாவைப் படிக்க ஆள் இல்லாமல் போவது அப்படித்தான்.

வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவர் 18 நிரந்தரப் பணியாளர்களை வைத்துக்கொள்ளலாம். விவசாயத்துக்கு ஒருவர், சுகாதாரத்துக்கு ஒருவர், ராணுவத்துக்கு ஒருவர் என்று துறை பிரித்துப் பார்க்கும் சட்ட உதவியாளர்கள் அங்கே ஒரே அலுவலகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சந்தேகம் வந்தால், 1914-இல் நூலகப் பிரிவாகத் தொடங்கிய, அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் ஆய்வுச் சேவை இருக்கிறது. ஜப்பானில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் அரசுச் சம்பளத்தில் மூன்று செயலாளர்கள்; அவர்களில் ஒருவர் கொள்கை விவகாரங்களுக்கென்றே தகுதி பெற்றவர். பிரிட்டனில் எம்.பி.க்களின் உதவியாளர் ஊதியத்தை 2010 முதல் நாடாளுமன்றத்துக்கு வெளியே உள்ள தனி அமைப்பு கவனிக்கிறது. அங்கெல்லாம் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. வாஷிங்டனில் இந்த இளைஞர்களில் பலர் பிறகு கம்பெனிகளுக்காகப் பேசப் போய்விடுகிறார்கள். ஆனால் சட்டம் இயற்றுவது படிக்க வேண்டிய வேலை, அதற்கு ஆட்கள் வேண்டும் என்பதையாவது அந்த நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

நம் நாடாளுமன்றத்தில் துறைசார் நிலைக்குழுக்கள் 24 உண்டு. எம்.பி.க்கள் நிதானமாகப் படித்து, நிபுணர்களை அழைத்துக் கேட்கக்கூடிய முக்கியமான இடம் அது. 17-ஆவது மக்களவையில் ஏறக்குறைய 16 சதவீத மசோதாக்கள்தான் குழுக்களுக்குப் போயின. மற்றவை நேராக அவைக்கு வந்தன. அப்படி வரும்போது இந்தச் சின்ன மேசைதான் கடைசிக் காவல்.

ஒருவர் மெனக்கெட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே சாட்சி உண்டு. மாநிலங்களவை உறுப்பினராகத் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை ஏற்றது. அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா ஒன்று அந்த அவையில் நிறைவேறியது 45 ஆண்டுகளுக்குப் பிறகு அதுவே முதல்முறை. மக்களவையில் அது நிறைவேறவில்லை. ஆனால் அதன் பிறகு அரசு தானே ஒரு மசோதா கொண்டுவர வேண்டியதாயிற்று; 2019-இல் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தில் குறைகள் உண்டு என்று திருநர்கள் சொல்கிறார்கள். அது தனியாகப் பேச வேண்டியது. ஒழுங்காக எழுதப்பட்ட சில பக்கங்கள் ஓர் அரசை நகர்த்தின என்பது மறுக்க முடியாதது.

உங்கள் எம்.பி. ஊருக்கு வருவார். சாலை கேளுங்கள், ரயில் நிறுத்தம் கேளுங்கள், கேட்க வேண்டியவைதான். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: “அய்யா, மசோதாக்களைப் படிச்சு உங்களுக்குச் சொல்ல யாரை வச்சிருக்கீங்க?” யாரும் இல்லை என்று அவர் சொன்னால், சட்டமோ பொருளாதாரமோ படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளை உங்கள் தெருவிலேயே இருந்தால், அவரிடம் அனுப்பி வையுங்கள்.